எடின்பரோவில் குன்றும் பப்பும்: நடக்கக் கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எடின்பரோவில் பல வருடங்களாக இருக்கிறேன். கோடை வந்தால் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். லண்டனிலிருந்து நண்பர்கள், ஊரிலிருந்து உறவுக்காரர்கள், இங்கே படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள். எல்லோரையும் நான் அழைத்துப்போவது ஒரே நடைக்குத்தான்: இரண்டு குன்று, நான்கு பழைய பப், ஒரு கோட்டை முற்றம். முந்தின நாள் இரவு வரும் சந்தேகங்களும் வருடா வருடம் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

எடின்பரோன்னா கோட்டைதானே. அதைப் பார்த்தா போதாதா? எதுக்கு மலையெல்லாம் ஏறணும்?

கோட்டைக்குள் நின்றால் கோட்டை தெரியாது. அது எப்படிப்பட்ட பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை எதிரே இருக்கும் குன்றிலிருந்துதான் பார்க்க முடியும். இந்த ஊரின் மேடெல்லாம் சுமார் 34 கோடி ஆண்டுகளுக்கு முன் நெருப்புக் கக்கிய எரிமலைகளின் மிச்சம். கோட்டைப் பாறை, கால்டன் ஹில், ஆர்தர்ஸ் சீட் மூன்றும் அதே இனம். ஒன்றின் மேல் நின்றால் மற்ற இரண்டும் தெரியும். ஊர் அவற்றுக்கு நடுவே மடிந்து கிடக்கிறது.

மேலேயிருந்து பார்த்தால் இன்னொன்றும் புரியும். தெற்கே முதுகெலும்பு போன்ற மேட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது பழைய நகரம். வடக்கே கோடு போட்டாற்போல் நேர்த் தெருக்களோடு இருப்பது புதிய நகரம். 'புதியது' என்றாலும் ஜேம்ஸ் கிரெய்க் அதற்கு வரைபடம் போட்டது 1767இல். இரண்டுக்கும் நடுவில் ஒரு காலத்தில் ஏரி இருந்தது. அதை வற்றவைத்த பள்ளத்தில்தான் இப்போது பூங்காவும் வேவர்லி ரயில் நிலையமும் இருக்கின்றன. இரண்டு நகரத்தையும் சேர்த்து 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. தெருவில் நடக்கும்போது இதெல்லாம் பிடிபடாது. பத்து நிமிடம் ஏறி நின்றால் பிடிபட்டுவிடும்.

பப்னா நம்ம ஊர் பார்தானே? அம்மாவையும் பொண்ணையும் கூட்டிக்கிட்டு அங்கே எப்படிப் போறது?

அதிகம் பேர் கேட்டது இதுதான். இதைக் கேட்கத் தயங்கியவர்களும் நிறைய. நம் ஊரில் பார் என்றதும் மனதில் வருவது இருட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் ஆண்கள் கூட்டமும். குடும்பம் அந்தப் பக்கம் தலைவைக்காது. இங்கே பப் என்ற சொல்லே 'பொது வீடு' என்பதன் சுருக்கம். பல பப்கள் நடந்துகொள்வதும் அப்படித்தான். மதியம் இரண்டு மணிக்குப் போனால் சூப் குடிப்பவர், பேத்தியோடு வந்த தாத்தா, தனியாக உட்கார்ந்து புத்தகம் படிக்கும் பெண் எல்லோரும் இருப்பார்கள். 2006 மார்ச் முதல் ஸ்காட்லாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை, அதனால் சிகரெட் நாற்றமும் கிடையாது.

என் அம்மா முதல் தடவை வாசலிலேயே நின்றுவிட்டார். கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். ஒரு வயதான அம்மா நாயைக் காலடியில் படுக்கவைத்துவிட்டுக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "அவங்க எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்காங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்ப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு எழுப்பிக் கூட்டிவர எனக்குத்தான் பாடு.

குழந்தைகளை உள்ளே விடுவது அந்தந்தப் பப்பின் உரிமத்தைப் பொறுத்தது. சாப்பாடு போடும் பப்களில் பகலில் பெரும்பாலும் விடுவார்கள், மாலையில் ஒரு நேரத்துக்கு மேல் விடமாட்டார்கள். வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெள்ளி, சனி இரவுகளில் பழைய நகரத்திலுள்ள கிராஸ்மார்க்கெட் சதுக்கத்தின் பக்கம் மட்டும் கூட்டமும் கூச்சலும் அதிகம். குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.

நான் குடிக்கவே மாட்டேன். சும்மா போய் உட்கார்ந்தா ஒரு மாதிரி பார்ப்பாங்களா?

பார்க்க மாட்டார்கள். காபி, டீ, லைம் சோடா, ஆப்பிள் ஜூஸ், ஆரஞ்சு நிறத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் உயிராக நினைக்கும் அயர்ன் புரூ, ஆல்கஹால் இல்லாத பீர் என்று வேண்டிய அளவுக்கு இருக்கிறது. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுக்கவேண்டும் என்பது இங்கே மதுபான உரிமத்தின் நிபந்தனையிலேயே உண்டு. ஆனாலும் ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு உட்காரும்போது ஏதாவது ஒன்று வாங்குவதுதான் மரியாதை.

என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் குடிக்காதவர்கள். அவர்கள்தான் சுவரையும் கூரையையும் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, எந்த வழியாப் போறது? மொத்தம் எவ்வளவு தூரம்?

நான் போகும் வழி சுமார் 12 கிலோமீட்டர். காலை ஒன்பது, ஒன்பதரைக்குக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்கு முடியும், நடுவில் நிதானமாக உட்காருவதையும் சேர்த்து. பப்கள் பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல்தான் திறக்கும், ஆகவே காலை நேரம் குன்றுகளுக்கு.

வேவர்லி நிலையத்திலிருந்து முதலில் கால்டன் ஹில். படியேறப் பத்து நிமிடம்கூட ஆகாது. மேலே பாதியில் நின்றுபோன கிரேக்கக் கோயில் மாதிரி 12 தூண்கள் இருக்கும். நெப்போலியனோடு நடந்த போர்களில் இறந்தவர்களுக்காக ஏதென்ஸின் பார்த்தினன் போலவே ஒன்று கட்ட 1826இல் தொடங்கி, பணம் தீர்ந்ததால் 1829இல் நிறுத்தினார்கள். 'எடின்பரோவின் அவமானம்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு அது அவமானமாகப் படவில்லை. அந்தத் தூண்களுக்கு இடையே கடல் தெரிகிறது, முழுதாகக் கட்டியிருந்தால் அது மறைந்திருக்கும்.

பக்கத்தில் தொலைநோக்கியை நிறுத்திவைத்தாற்போல் இருப்பது நெல்சன் நினைவுக்கோபுரம். அதன் உச்சியில் ஒரு பந்து மதியம் ஒரு மணிக்குக் கீழே விழும். லீத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள வைத்த ஏற்பாடு. மூடுபனி இருந்தால் பந்து தெரியாதே என்று 1861 முதல் கோட்டையிலிருந்து அதே நேரத்துக்குப் பீரங்கியும் வெடிக்கிறார்கள். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர மற்ற நாளெல்லாம் உண்டு. தெரியாமல் நடந்துபோகிறவர்கள் தூக்கிவாரிப் போட்டு நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

கால்டனிலிருந்து இறங்கி ஹோலிரூட் அரண்மனைப் பக்கம் போனால் ஆர்தர்ஸ் சீட் தொடங்கிவிடும். சின்ன ஏரி, மேலே இடிந்துபோன செயின்ட் ஆன்டனி சிற்றாலயம், அதைத் தாண்டி உச்சி, மறுபக்கம் டன்சாபி ஏரி, அங்கிருந்து கீழே டடிங்ஸ்டன் கிராமம். கிராமம் என்று சும்மா சொல்லவில்லை, நகரத்துக்குள் இருந்தும் அது கிராமமாகவே இருக்கிறது. அங்கே ஷீப் ஹீட் இன் என்ற பப்பில் மதியச் சாப்பாடு.

திரும்பும்போது மலையைச் சுற்றவேண்டாம். 1831இல் திறந்த பழைய ரயில் பாதை ஒன்று இப்போது நடைபாதையாக, சைக்கிள் பாதையாக இருக்கிறது. பெயர் இன்னொசன்ட் ரயில்வே, அதாவது 'அப்பாவி ரயில்'. நீராவி எஞ்சின்களைக் கண்டு ஜனங்கள் பயந்த காலத்தில் குதிரைகள் இழுத்த ரயில் என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று அதில் உண்டு, உள்ளே விளக்கு எரியும். வெளியே வந்தால் செயின்ட் லியோனர்ட்ஸ் பகுதி. அங்கிருந்து பழைய நகரத்துக்கு நடந்து, ஃபாரஸ்ட் ரோட்டில் சாண்டி பெல்ஸ் பப், கிராஸ்மார்க்கெட், வெனல் என்ற படிக்கட்டு, திரும்ப ஏறி போ பார், கோட்டை முற்றம், கடைசியாக வேவர்லி பக்கமே இறங்கி கஃபே ராயல். வெனல் படிக்கட்டின் மேல் திரும்பி நின்று பாருங்கள். கோட்டை முழுசாகக் கண்முன் நிற்கும், ஒரு பைசா செலவில்லாமல்.

எனக்கு முட்டி வலி. ஆர்தர்ஸ் சீட் ஏற முடியுமா?

உயரம் 251 மீட்டர். நல்ல முட்டி உள்ளவர்களுக்கு முக்கால் மணி நேரம். நம் ஊர் மலைக்கோயில் மாதிரி கட்டிய படி முழுக்கக் கிடையாது. புல், மண், சில இடத்தில் ஒழுங்கற்ற கற்படி. உச்சியில் இருக்கும் பாறை ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு வழவழவென்று ஆகியிருக்கிறது, ஈரமானால் வழுக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டிக்குக் கஷ்டம். செருப்பு, தட்டையான ஷூ இரண்டும் வேண்டாம்.

வலி இருக்கிறவர்களுக்கு இரண்டு வழி சொல்வேன். ஒன்று, டன்சாபி ஏரிவரை காரிலோ டாக்ஸியிலோ போய்விடுவது. உச்சிக்குப் போகாமலே அங்கிருந்து கடல் நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்தர்ஸ் சீட்டைச் சுற்றியுள்ள பூங்காவின் சாலைகளில் சில பகுதிகளை வண்டிகளுக்கு மூடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஆர்தர்ஸ் சீட்டையே விட்டுவிட்டு கால்டனில் ஒரு மணி நேரம் உட்காருவது. என் பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, இரண்டாவது வழியைத்தான் எடுத்தார். ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு, உச்சிக்கு ஓடிப்போய் செல்ஃபி எடுத்துத் திரும்பிய என் தம்பிக்குத் தெரியவில்லை.

சாலிஸ்பரி கிராக்ஸ் அடியில ஒரு பாதை இருக்கே, அது வழியாப் போகலாமா?

ஆர்தர்ஸ் சீட்டின் ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர்தான் சாலிஸ்பரி கிராக்ஸ். அதன் அடியில் போவது ராடிக்கல் ரோடு. 1820இல் நடந்த கிளர்ச்சிக்குப் பிறகு வேலையில்லாமல் இருந்த நெசவாளர்களைக் கொண்டு போட்ட பாதை. 2018இல் பாறை சரிந்து விழுந்ததால் மூடினார்கள். நீங்கள் வரும்போது வேலி இருந்தால் தயவுசெய்து தாண்டாதீர்கள். பத்து பேர் தாண்டிப்போவதைப் பார்த்தாலும் பதினோராவது ஆளாக நீங்கள் வேண்டாம். பாறை தலைக்கு மேலே செங்குத்தாக நிற்கிறது.

தூரத்திலிருந்து பார்த்தாலும் அந்தச் செம்பாறைச் சுவர் அழகுதான். 18ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் வாழ்ந்த நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், உருகிய பாறைக் குழம்பு படிவுப் பாறைக்குள் புகுந்து உறைந்திருப்பதற்கு அடையாளம் கண்டது அங்கேதான். பூமியின் வயது சில ஆயிரம் வருடம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

பப்ல உட்கார்ந்து அரை மணி நேரம் ஆச்சு, யாரும் வந்து என்ன வேணும்னு கேட்கவே இல்ல. நிறம் பார்க்கிறாங்களா?

இல்லை. ஒருத்தர் உண்மையாகவே மனம் நொந்து என்னிடம் இதைக் கேட்டார், அதனால்தான் சேர்க்கிறேன். பழைய பப்களில் மேசைக்கு யாரும் வரமாட்டார்கள். எழுந்து கவுன்ட்டருக்குப் போய், அங்கேயே கேட்டு, அங்கேயே பணம் கொடுத்து, கிளாஸை நீங்களே எடுத்துவரவேண்டும். வரிசை நேராக நிற்காது, ஆனால் வரிசை உண்டு. யார் முதலில் வந்தார் என்பது நிற்கிறவர்களுக்கும் தெரியும், ஊற்றுகிறவருக்கும் தெரியும். கையைத் தட்டுவது, பணத்தை ஆட்டுவது, "ஹலோ" என்று கூப்பிடுவது வேண்டாம். கண்ணைப் பார்த்தால் போதும். "இவர் எனக்கு முன்னாடி வந்தார்" என்று பக்கத்தில் இருப்பவரைக் காட்டினால் உங்களுக்கு அங்கே ஒரு நண்பர் கிடைத்துவிடுவார்.

நாலு பேர் போனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பணம் கொடுப்பது பழக்கமில்லை. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவர். முறைவைத்துச் செய்யும் மொய் மாதிரி, கணக்கு எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் நினைவிருக்கும். குடிக்காதவரும் தன் சுற்றுக்கு எழுந்து போவது நல்ல பழக்கம். டிப்ஸ் கட்டாயமில்லை. வயது குறைவாகத் தெரிந்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள். குறைந்தபட்ச வயது 18 என்றாலும், 25க்குக் கீழே தோன்றும் யாரிடமும் கேட்பது வழக்கம். கோபப்பட ஒன்றுமில்லை.

பீர் ஏன் ஐஸ் போல இல்ல? கெட்டுப்போனதா?

நீங்கள் வாங்கியது காஸ்க் ஏல் ஆக இருக்கும். பீப்பாய்க்குள்ளேயே கடைசிக் கட்ட நொதிப்பு நடக்கும் உயிருள்ள பீர் அது. 11 முதல் 13 டிகிரி வரை வைத்துத்தான் கொடுப்பார்கள். ஐஸில் வைத்தால் நாக்கு மரத்து மணமே தெரியாது. ஜில்லென்று வேண்டுமானால் லாகர் என்று கேளுங்கள்.

முதல் தடவை என்றால் ஒரு பைன்ட் வாங்காதீர்கள். பைன்ட் என்பது 568 மில்லி. 'ஹாஃப்' கேட்டால் 284 மில்லி. நான்கு பப் போகும் நாளில் நான் ஹாஃபைத் தாண்டுவதில்லை. ஊற்றுவதற்கு முன் "ருசி பார்க்கலாமா" என்று கேட்டால் காஸ்க் ஏலில் கொஞ்சம் கொடுப்பார்கள். பலகையில் 80 என்று எழுதி ஷில்லிங் குறி போட்டிருந்தால் குழம்பவேண்டாம், அது இன்றைய விலை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு பீப்பாய் என்ன விலைக்குப் போனதோ அதை வைத்துப் பீருக்குப் பெயர் சொன்னார்கள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

விஸ்கி ஒரு பெக் எவ்வளவு? தண்ணி கலந்தா திட்டுவாங்களா?

நம் ஊர்க் கணக்கில் ஸ்மால் 30, லார்ஜ் 60. இங்கே ஒரு அளவு 25 அல்லது 35 மில்லி. எது என்பதைப் பப்பில் எழுதிப்போட்டிருப்பார்கள். கிளாஸின் அடியில் கொஞ்சூண்டு இருப்பதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம்.

தண்ணீர் தாராளமாகக் கலக்கலாம். கவுன்ட்டரிலேயே சின்ன ஜாடி இருக்கும். சில சொட்டு விட்டால் மணம் விரியும் என்பது இங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டது. ஸ்காட்ச் என்று பெயர் போடவேண்டுமானால் ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் இருந்திருக்கவேண்டும், வலிமை 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஒரே மடக்கில் தூக்குவது அந்த மூன்று வருடத்துக்கு மரியாதை இல்லை. போ பாரில் சுவர் முழுக்க விஸ்கி அடுக்கிவைத்திருக்கிறார்கள். எது என்று தெரியாவிட்டால் "புகைமணம் வேண்டும்" அல்லது "வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாங்க சுத்த சைவம். பப்ல என்ன சாப்பிடறது?

முன்புபோல் பட்டினி இல்லை. சூப்பும் ரொட்டியும், காய்கறி பர்கர், சைவ ஹாகிஸ் எல்லாம் இருக்கும். அசல் ஹாகிஸ் என்பது ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸ், வெங்காயம், மிளகோடு சேர்த்து வேகவைத்தது. ஈரல் வறுவலும் குடல் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் அந்நியமில்லை, மிளகு வாசனை பிடித்துப்போகும். ஆனால் சேர்க்கும் கொழுப்பு மாட்டுக் கொழுப்பாக இருக்கலாம், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சிப்ஸ் என்றால் இங்கே சூடான உருளைக்கிழங்கு விரல்கள். நம் பாக்கெட் சிப்ஸுக்குப் பெயர் கிறிஸ்ப்ஸ். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், அதையும் கேட்கவேண்டும்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று: காஸ்க் ஏல் சிலவற்றைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள். நம் கடற்கரையில் நெட்டி என்று சொல்வார்களே, அதுதான். கண்டிப்பான சைவர்கள் 'வீகன்' என்று குறித்த பீரையோ, முன்னே சொன்ன லைம் சோடாவையோ எடுத்துக்கொள்ளலாம்.

'1360 முதல்'னு போர்டு போட்டிருக்காங்களே, நிஜமா அவ்வளவு பழசா?

பாதி நிஜம். டடிங்ஸ்டனில் அந்த வருடத்திலிருந்தே சத்திரம் இருந்தது என்பது வழிவழியாக வரும் பேச்சு. இப்போது நீங்கள் உட்காரும் கட்டிடம் அவ்வளவு பழசில்லை. ஷீப் ஹீட் என்றால் ஸ்காட்ஸ் மொழியில் ஆட்டுத்தலை. பூங்காவில் மேய்ந்த ஆடுகளை இந்தக் கிராமத்தில் அறுத்துக் கறியை நகரச் சந்தைக்கு அனுப்பினார்களாம். மிஞ்சிய தலைகளை இங்கே சூப்பாகவும் வாட்டியும் சமைத்தார்கள். ஆறாம் ஜேம்ஸ் மன்னர் 1580இல் ஆட்டுத்தலை வடிவில் ஒரு பொடி டப்பாவைப் பரிசாகக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். என்னோடு வந்த மதுரைக்கார அக்கா இதைக் கேட்டதும், "தலைக்கறிக்குன்னு பேர் வாங்கின கடையா, அப்ப வா உள்ளே" என்றார். பின்பக்கம் பழைய ஸ்கிட்டில்ஸ் ஆட்டக்கூடம் இருக்கிறது. மரக்கட்டைகளைப் பந்தால் உருட்டித் தள்ளும் விளையாட்டு. முன்பதிவு செய்தால் விளையாடலாம்.

கிராஸ்மார்க்கெட்டில் ஒயிட் ஹார்ட் இன் 1516 என்று போட்டிருக்கும், அதுவும் இதே கதைதான். வருடத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். ஆனால் அந்தச் சதுக்கத்தின் கதை நிஜம். 1784 வரை பொதுமக்கள் முன்னால் தூக்குப்போட்ட இடம் அது. 1724இல் தூக்கிலிடப்பட்ட மேகி டிக்ஸன் என்ற பெண், புதைக்க எடுத்துப்போகும் வழியில் பெட்டிக்குள் உயிரோடு எழுந்தார். தண்டனை நிறைவேறிவிட்டதால் மறுபடி தூக்கிலிடவில்லை, பல ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் பெயரில் இன்று அங்கே ஒரு பப் இருக்கிறது.

சந்தேகமில்லாத பழமை வேண்டுமானால் கஃபே ராயல் போங்கள். கட்டிடம் 1860களைச் சேர்ந்தது. நடுவில் வட்டமான கவுன்ட்டர், சுவரில் டோல்டன் நிறுவனத்தார் ஓட்டில் தீட்டிய பெரிய ஓவியங்கள்: ஜேம்ஸ் வாட், ஃபாரடே, ஸ்டீஃபன்சன், கேக்ஸ்டன், ஃபிராங்க்ளின், பீல். கையால் எதையாவது செய்துகாட்டிய மனிதர்களைக் குடிக்கும் இடத்தின் சுவரில் வைத்திருக்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடிக்கும். 1960களின் கடைசியில் இதை இடித்துப் பக்கத்துக் கடையைப் பெரிதாக்கத் திட்டம் இருந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றதால் தப்பியது. ஒவ்வொரு தடவை கதவைத் தள்ளும்போதும் அந்த முகம் தெரியாதவர்களுக்கு நன்றி சொல்லிக்கொள்வேன்.

சாண்டி பெல்ஸ்ல பாட்டு நடக்குமாமே, டிக்கெட் எங்கே வாங்கறது?

டிக்கெட் கிடையாது, மேடையும் கிடையாது. மூலையில் ஒரு மேசையைச் சுற்றி பிடிலும் குழலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வாசிப்பார்கள். நாட்டுப்புற இசைக்குப் பல பத்தாண்டுகளாகப் பெயர்போன இடம். அவர்கள் உங்களுக்காக வாசிக்கவில்லை, தங்களுக்குள் வாசிக்கிறார்கள், நீங்கள் கேட்கலாம். முகத்துக்கு நேராக ஃபோனை நீட்டாமல், பாட்டு ஓடும்போது சத்தமாகப் பேசாமல் இருந்தால் போதும். ஒரு ராகம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் இடத்தை விட்டு எழுந்திருங்கள், நடுவில் வேண்டாம்.

எந்த மாசம் வரலாம்? மழை வந்தா என்ன பண்றது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு பத்து ஆகும். டிசம்பரில் மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அப்போது முழு நடையும் முடியாது. ஆகஸ்டில் கலை விழாக்கள், ஊரே நிரம்பி வழியும். விழாவுக்காக வருவது வேறு, இந்த நடைக்கு அது ஏற்ற மாதமில்லை.

மழையைவிடக் காற்றைத்தான் கவனிக்கவேண்டும். குடை திரும்பிக்கொள்ளும், தலையை மூடும் தொப்பியோடு சேர்ந்த மழைக்கோட்டு எடுத்துவாருங்கள். சேலையில் வருகிறவர்கள் உச்சியில் சிரமப்படுவார்கள். அப்புறம் 'ஹார்' என்று ஒன்று உண்டு, கடலிலிருந்து வரும் மூடுபனி. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து, எதிரில் நிற்பவரை மறைத்துவிடும். அது வந்தால் ஆர்தர்ஸ் சீட் ஏறவேண்டாம். பழைய நகரத்துச் சந்துகளில் நடங்கள், பனிக்கு அவைதான் பொருத்தம்.

முதல்ல பப், அப்புறம் ராத்திரி மலை மேல போய் லைட்டெல்லாம் பார்க்கலாமே?

வேண்டாம். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆர்தர்ஸ் சீட்டில் விளக்கு கிடையாது, பல இடத்தில் வேலி கிடையாது. சாலிஸ்பரி கிராக்ஸ் ஓரம் புல்தரை மாதிரி போய் திடீரென்று முடிந்துவிடும். முதலில் குன்று, பிறகு கிளாஸ். நான் போட்டிருக்கும் வழியில் ஷீப் ஹீட்டுக்குப் பிறகு குன்று எதுவும் வராதபடி அமைத்ததற்குக் காரணமும் அதுதான். விளக்குகளைப் பார்க்கும் ஆசைக்கு அந்தி நேரத்துக் கோட்டை முற்றம் இருக்கிறது.

ஒரு பைன்ட்தானே, கார்ல திரும்பலாம்ல? லண்டன்ல அப்படித்தான் பண்ணுவோம்.

ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு. இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை. இங்கே 2014 டிசம்பர் முதல் 50தான். அங்கே தப்பித்த ஒரு பைன்ட் இங்கே மாட்டிவிடலாம், அடுத்த நாள் காலையிலும் மாட்டலாம். லோதியன் பஸ்ஸும் டிராமும் இருக்கும் ஊரில் காரே தேவையில்லை.

இவ்வளவு தூரம் வந்தோம். நம்ம ஊருக்கும் இந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் ஒரு பார்வையிடத்திலேயே. கோட்டை முற்றத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்பது கேமரா அப்ஸ்கியூரா, அதாவது வெளியே இருக்கும் ஊரை லென்ஸ் வழியாக உள்ளே மேசைமேல் படமாகக் காட்டும் இருட்டறை. பேட்ரிக் கெடிஸ் என்ற நகரமைப்பாளர் 1892இல் அந்தக் கோபுரத்தை எடுத்து நடத்தினார். வருகிறவர்களை நேராக உச்சிக்கு அழைத்துப்போய் ஊரைக் காட்டுவார். பிறகு மாடி மாடியாக இறங்கினால் எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, கடைசியில் உலகம் என்று கண்காட்சி வைத்திருந்தார். மேலே ஏறி முழுசாகப் பார்த்துவிட்டு அப்புறம் இறங்கி மனிதர்களிடம் போகவேண்டும் என்பது அவர் முறை. என் நடை அவரிடமிருந்து கற்றதுதான்.

அந்த கெடிஸ் தன் நகரக் கண்காட்சியோடு 1914இல் சென்னைக்குக் கிளம்பினார். பொருட்கள் வந்த கப்பலை, அதற்குச் சில வாரம் முன்பு சென்னையின் மேல் குண்டு வீசிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. இங்கிருந்த நண்பர்கள் மறுபடி படங்களும் வரைபடங்களும் திரட்டி அனுப்ப, 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு மதுரை, தஞ்சாவூர் உட்படப் பல ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார். தஞ்சாவூரில் அகலச் சாலை போடுவதாகச் சொல்லி வீடுகளை வரிசையாக இடிக்கவேண்டாம், தேவையான இடத்தில் மட்டும் கத்தி வையுங்கள் என்று வாதாடினார். எடின்பரோவின் பழைய சந்துகளை அவர் அப்படித்தான் ஏற்கெனவே காப்பாற்றியிருந்தார். பழைய நகரத்தின் முக்கியத் தெருவான ராயல் மைல் ஓரத்துச் சந்துகளில் நுழையும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி. எனக்கு ரெண்டு மணி நேரம்தான் இருக்கு, வேவர்லியில ரயில். என்ன பார்க்கலாம்?

கால்டன் ஹில்லும் கஃபே ராயலும். இரண்டும் நிலையத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள். குன்றில் முக்கால் மணி நேரம், பப்பில் அரை மணி நேரம், நடக்க மீதி. மதியம் சரியாக ஒரு மணிக்குக் குன்றின் மேல் இருக்கும்படி போனால் பந்தையும் பீரங்கியையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

கிளம்பும்போது நிலையத்துக்கு மேலே பால்மோரல் ஹோட்டலின் பெரிய கடிகாரம் தெரியும். நேரமாகிவிட்டது என்று பதற்றப்படாதீர்கள். ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்காக அதை வருடம் முழுக்க மூன்று நிமிடம் முன்னால் வைத்திருக்கிறார்கள், டிசம்பர் 31 இரவு மட்டும் சரியான நேரத்துக்கு மாற்றுவார்கள்.